காலடியில் ஒரு கணக்குப்பிள்ளை!

“டாக்டர், நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க. இவரோட தினமும் மல்லுக்கட்ட என்னால ஆகலை!”

நாற்காலியில் உட்காருவதற்குள் அந்த அம்மா ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே சிரித்தபடி கணவர். வயது 54. பாங்க் உத்தியோகம்.

விஷயம் இதுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது ஒரு எடை மெஷின் வாங்கி வந்திருக்கிறான். வெறும் எடை மெஷின் இல்லை. வெறுங்காலோடு ஏறி நின்றால், உடம்பில் கொழுப்பு எத்தனை பெர்சன்ட் என்றும் சொல்லுமாம். செல்போனில் கலர் கலராகக் கோடு வேறு போட்டுக் காட்டுமாம். கணவர் ஏறினார்: 19. மனைவி ஏறினார்: 37.

“அன்னிலேர்ந்து எனக்குச் சர்க்கரை போடாத காப்பி. இவர் மட்டும் ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடிக்கறார். கேட்டா, ‘நான் பத்தொம்பது, நீ முப்பத்தேழு’ங்கறார். என்னமோ பரீட்சை மார்க் மாதிரி!”

“மெஷின் சொல்லுது டாக்டர். நானா சொல்றேன்?” என்றார் அவர்.

அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தேன். ஒல்லியான கை, குச்சிக் கால்கள். சட்டையின் நடுப்பட்டன் மட்டும் திணறிக்கொண்டிருந்தது. தீர்ப்பை அப்புறம் சொல்கிறேன், முதலில் இந்த மெஷின் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றேன். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் இப்படி ஒன்று இருக்கலாமே!

நெய்யில் கரண்ட் ஓடாது

உப்புத் தண்ணீரில் கரண்ட் சுலபமாக ஓடும். நெய்யில் ஓடாது. இந்த மெஷினின் மொத்த சூட்சுமமும் இவ்வளவுதான்.

நம் தசையில் நாலில் மூன்று பங்கு தண்ணீர். அதில் சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆகவே கரண்ட்டுக்கு அது ராஜபாட்டை. கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு. கரண்ட் அதன் பக்கம் அதிகம் போகாது. மெஷினின் மேல்பக்கம் பளபளவென்று உலோகத் தகடுகள் இருக்கின்றன அல்லவா? ஒரு காலின் வழியே துளிக் கரண்ட்டை ஏற்றி, மறு காலின் வழியே வாங்கி, நடுவில் எவ்வளவு தடை இருந்தது என்று அது பார்க்கிறது. தடை அதிகமானால் தண்ணீர் குறைவு, அப்படியானால் கொழுப்பு அதிகம். தடை குறைந்தால் தண்ணீரும் தசையும் அதிகம்.

“ஐயோ, கரண்டா!” என்று பயப்பட வேண்டாம். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவானது. பழக்கமாக உபயோகிப்பது வினாடிக்கு 50,000 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிற கரண்ட். வீட்டு லைனில் வருவது வினாடிக்கு 50 தடவைதான். அவ்வளவு வேகமாக மாறுகிற, அவ்வளவு சிறிய கரண்ட் நரம்பைச் சீண்டாது. அதனால்தான் நமக்கு எதுவும் தெரிவதில்லை.

இது ஒன்றும் நேற்று முளைத்த சமாச்சாரம் அல்ல. 1960களின் தொடக்கத்தில் பிரான்ஸில் தோமாசே என்ற டாக்டர், தோலுக்கடியில் இரண்டு ஊசிகளைச் செருகி உடம்பின் மின்தடையை அளந்து பார்த்தார். 1969-ல் ஹாஃபர் என்ற அமெரிக்கரும் அவர் சகாக்களும், உயரத்தை உயரத்தால் பெருக்கி மின்தடையால் வகுத்தால் வருகிற எண், உடம்பிலுள்ள மொத்தத் தண்ணீரோடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். 1985-ல் லுகாஸ்கி என்ற விஞ்ஞானி, ஊசி இல்லாமல் கை, கால்களில் நாலு ஒட்டுத்தகடு ஒட்டி இதைச் செய்யும் முறையை நிலைநிறுத்தினார். பிறகுதான் அது படுக்கையை விட்டு இறங்கி, நம் குளியலறை வாசலுக்கு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆதியிலிருந்து இவர்கள் எல்லோரும் அளந்தது தண்ணீரைத்தான். கொழுப்பை யாரும் அளக்கவில்லை! தண்ணீர் இவ்வளவு என்று தெரிந்தால், கொழுப்பில்லாத உடம்பில் சுமார் 73 பெர்சன்ட் தண்ணீர் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, தசை, எலும்பு, உறுப்புகள் எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ என்று ஊகிக்கலாம். அதை மொத்த எடையில் கழித்தால் மீதி கொழுப்பு. மளிகைக் கடை பாக்கியைக் கழித்துக் கையிருப்புப் பார்க்கிற கணக்குப்பிள்ளை வேலை. நடுவில் ஒரு எண் பிசகினால் கையிருப்பும் பிசகும்.

ஒரு நிஜக் கணக்கு

அந்த அம்மாவைப் படுக்க வைத்து, கை கால்களில் ஒட்டுத்தகடு ஒட்டி அளக்கும் கருவியில் பார்த்தோம். மின்தடை 560 ஓம். இன்னொரு எண்ணும் வரும்: நம் செல்களின் மெல்லிய சவ்வுகள், சீலிங் ஃபேனில் இருக்கிற கண்டென்சர் மாதிரி கரண்ட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்து விடுகின்றன. அந்த எண் 54. உயரம் 152 செ.மீ., எடை 62 கிலோ.

2001-ல் ஜெனீவாவில் ஊர்சுலா கைல் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் வெளியிட்ட சூத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் போட்டுப் பார்ப்போம். 152-ஐ 152-ஆல் பெருக்கினால் 23,104. அதை 560-ஆல் வகுத்தால் 41.3. அதை 0.518-ஆல் பெருக்கினால் 21.4. எடையை 0.231-ஆல் பெருக்கினால் 14.3. கண்டென்சர் எண்ணை 0.130-ஆல் பெருக்கினால் 7. மூன்றையும் கூட்டினால் 42.7. இதிலிருந்து 4.1-ஐக் கழிக்கச் சொல்கிறது சூத்திரம். மீதி 38.6 கிலோ. இது கொழுப்பில்லாத உடம்பு. 62-ல் 38.6 போனால் கொழுப்பு 23.4 கிலோ. அதாவது கிட்டத்தட்ட 38 பெர்சன்ட்.

“பார்த்தியா? நம்ம மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு!” என்று கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவசரப்படாதீங்க சார். அம்மா ராத்திரி சரியாகத் தண்ணீர் குடிக்காமல் படுத்து, மறுநாள் வறண்ட உடம்போடு அளந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடை 560-க்குப் பதில் 590 வருகிறது. மற்ற எதுவும் மாறவில்லை. அதே கணக்கைப் போட்டால் கொழுப்பு 24.5 கிலோ, 39½ பெர்சன்ட்! ஒரு ராத்திரியில் ஒரு கிலோவுக்கு மேல் கொழுப்பு கூடிவிட்டதா? ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், செலவு போக 7,700 கலோரி உபரியாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். கல்யாண வீட்டில் மூன்று பந்தியில் உட்கார்ந்தாலும் நடக்காது. மாறியது தண்ணீர்தான்.

இன்னொரு வேடிக்கை. அதே சூத்திரத்தில் ஆண் என்றால் 4.2 கிலோ கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. ஆண்களுக்குத் தசை அதிகம் என்பதால். அந்த அம்மா மகனுடைய கணக்கில் தெரியாமல் ஏறி நின்றிருந்தால், அதே உடம்பு, அதே கரண்ட், ஆனால் கொழுப்பு 31 பெர்சன்ட்! வீட்டில் ஒரே மெஷினில் நாலு பேர் ஏறுகிறீர்கள் என்றால், ஏறுகிறவரின் பெயரில்தான் வயதும் உயரமும் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உயரத்தைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். கணக்கில் அது இரண்டு தடவை பெருக்கப்படுகிறது.

சூத்திரம் யாருடைய உடம்பை வைத்துப் போடப்பட்டதோ அவர்களுக்கே நன்றாகப் பொருந்தும். மேலே சொன்னது சுவிட்சர்லாந்துவாசிகளை அளந்து போட்டது. உங்கள் வீட்டு மெஷினுக்குள் எந்த நாட்டுச் சூத்திரம் இருக்கிறதோ, கம்பெனிகள் பெரும்பாலும் அதை வெளியே சொல்வதில்லை.

ரங்கநாதன் தெருவும் வயிறும்

இப்போது கணவரின் 19-க்கு வருவோம்.

தீபாவளி சமயத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்து வெளியே வந்து, பிறகு அகலமான ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறீர்கள். மொத்த நேரமும் எங்கே செலவாகும்? சந்துக்குள்தான். பெரிய ரோட்டில் இன்னும் ஒரு லேன் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கரண்ட்டுக்கும் இதே கதிதான். நீளமும் ஒல்லியுமான கை கால்களில்தான் தடை அதிகம். மார்பும் வயிறும் சேர்ந்த நடு உடம்பு நம் எடையில் பாதி. ஆனால் கையிலிருந்து கால்வரை அளக்கும்போது கிடைக்கிற மொத்தத் தடையில் அதன் பங்கு பத்தில் ஒன்றுதான்!

காலால் மட்டும் ஏறி நிற்கிற மெஷினில் நிலைமை இன்னும் மோசம். கரண்ட் ஒரு காலில் ஏறி, அடிவயிற்றோரமாகத் திரும்பி, மறு காலில் இறங்கிவிடுகிறது. தொந்தி இருக்கிற திசையையே அது எட்டிப் பார்ப்பதில்லை. கால் ஒல்லியாக இருந்தால் “ஆகா, பிரமாதம்” என்று சொல்லிவிடும். மேல்பாதியைச் சூத்திரம் ஊகித்துக்கொள்கிறது. சில மெஷின்கள் ‘உள்வயிற்றுக் கொழுப்பு’ என்று தனியாக ஒரு நம்பர் காட்டுகின்றன. அதுவும் ஊகத்தின் மேல் கட்டிய ஊகம்தான். ‘உங்கள் உடலின் வயது 61’ என்று காட்டுகிற நம்பரைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். அதைப் பார்த்து அழுத ஒரு பெண்மணிக்கு நான் காப்பி வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது ஏன் முக்கியம்? 2004-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். ஒருவர் புனே கே.இ.எம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, அச்சாக ஒன்றே: 22.3. டெக்ஸா என்ற எக்ஸ்-ரே ஸ்கேனில் கொழுப்பைப் பார்த்தால் யுட்கினுக்கு 9.1 பெர்சன்ட். நம்மவருக்கு 21.2! இரண்டு மடங்குக்கும் மேலே. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதுவும் நம்மவர்களுக்குக் கை காலைவிட வயிற்றில்தான் வந்து உட்காருகிறது. சர்க்கரை வியாதிக்கும் மாரடைப்புக்கும் வாசலில் கோலம் போடுவது அந்த வயிற்றுக் கொழுப்புதான். அதையே பார்க்கத் தெரியாத மெஷினை நம்பி, இவர் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார்!

இன்னொன்று. 19-ஐயும் 37-ஐயும் ஒரே தராசில் வைக்கவே கூடாது. உயிர் வாழவே ஆணுக்குச் சுமார் 3 பெர்சன்ட் கொழுப்பு தேவை என்றால், பெண்ணுக்கு 12. பிள்ளை பெறுவதற்காக இயற்கை கொடுத்த சீதனம் அது. ஆணுக்கு 25-ஐத் தாண்டினால் அதிகம், பெண்ணுக்கு 30, 35-ஐத் தாண்டினால் அதிகம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்த அம்மாவுக்கும் அதிகம்தான், மறைப்பானேன்? ஆனால் கணவரைப் போல இரண்டு மடங்கு குற்றவாளி அல்ல.

கொழுப்பு குறைகிறது என்று சந்தோஷப்பட்டவர்

மெஷினால் சண்டை வருவது போகட்டும். ஆபத்து வந்த கதை ஒன்று சொல்கிறேன்.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. மூட்டு வலிக்கு எடை குறைக்கச் சொல்லியிருந்தோம். மூன்று வாரம் கழித்து வந்தார். “எடை 3 கிலோ கூடியிருக்கு டாக்டர். ஆனா பரவாயில்ல, கொழுப்பு 36-லேர்ந்து 32-க்கு இறங்கியிருக்கு. அப்ப தசைதானே கூடியிருக்கு? பொண்ணு போன்ல பார்த்துச் சொன்னா” என்று மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

அறுபது வயதில், மூட்டு வலியோடு, மூன்று வாரத்தில் மூன்று கிலோ தசை எந்தப் பயில்வானுக்கும் ஏறாது. கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்றேன். “ரெண்டு தலகாணி வெச்சாத்தான் தூக்கம் வருது” என்றார். இதயம் பலவீனமாகி, காலில் நீர் கோத்திருந்தது. கால் நிறைய உப்புத் தண்ணீர்! கரண்ட் ஜம்மென்று ஓடியது. மெஷின் அதைத் ‘தசை’ என்று வரவு வைத்து, கொழுப்பைக் குறைத்துக் காட்டிவிட்டது. அன்றைக்கே அட்மிட் செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே எடை வேகமாக ஏறி, கொழுப்பு பெர்சன்ட் இறங்கினால் சந்தோஷப்படுவதற்கு முன் கணுக்காலை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் நேரே டாக்டரிடம் போங்கள். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பெர்சன்ட்டைப் பார்க்காமல் இருப்பதே நல்லது. (தமாஷ் என்னவென்றால், இதே தத்துவத்தில் இயங்கும் கருவிகளை டயாலிசிஸ் செய்யும் இடங்களில், நோயாளி உடம்பில் எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது என்று பார்க்க நாங்களே உபயோகிக்கிறோம். தண்ணீரைக் கேட்டால் அது நன்றாகவே பதில் சொல்லும்.)

இதற்கு நேர் எதிர், திடீர் பட்டினிக்காரர்கள். சாதத்தை அடியோடு நிறுத்துவார்கள். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து முதல் சில நாளிலேயே கரையும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் சேர்ந்து வெளியேறும். எடை இரண்டு கிலோ சரேலென்று இறங்கும். ஆனால் தண்ணீர் போனதால் மெஷினில் கொழுப்பு பெர்சன்ட் ஏறினாலும் ஏறும்! “பட்டினி கிடந்தும் கொழுப்பு கூடுதே” என்று அலுத்துப்போய், அடுத்த நாளே பரோட்டா கடைக்குப் போனவர்கள் உண்டு. 

அப்ப தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். காசு கொடுத்து வாங்கியாயிற்று. அது சொல்கிற எண்ணை விட, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் உபயோகம் உண்டு. அதற்கு ஒரே நிலையில் அளக்க வேண்டும். 1994 டிசம்பரில் அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய நிபுணர் மாநாடே, உடம்பு இருக்கும் நிலை, தண்ணீர், சாப்பாடு, தோலின் சூடு, சற்று முன் செய்த உடற்பயிற்சி எல்லாம் இந்த அளவை மாற்றும் என்று சொல்லியிருக்கிறது.

காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு வந்து, காப்பிக்கு முன்னால் ஏறுங்கள். வாக்கிங் போய்விட்டு வந்த கையோடு, வியர்வையோடு ஏறாதீர்கள். பாதத்தில் எண்ணெய், பித்தவெடிப்புக் களிம்பு எதுவும் வேண்டாம். மெஷினை மொசைக் தரையில் ஒரே இடத்தில் வையுங்கள். பாயின் மேல் வேண்டாம். காய்ச்சல், பேதி வந்த வாரம் விட்டுவிடலாம். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் உடம்பில் நீர் தங்கும் என்பதால் பெண்கள் அப்போதும் அளக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் போதும். நாலு வாரத்துச் சராசரியை அடுத்த நாலு வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பெர்சன்ட் இப்படி அப்படி ஆடுவதை மறந்துவிடுங்கள். ஜிம்மில் ஒரு மெஷின், வீட்டில் ஒரு மெஷின் என்று இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

பேஸ்மேக்கர் போன்ற கருவி நெஞ்சில் பொருத்திக்கொண்டவர்கள் இதில் ஏறவே வேண்டாம். கர்ப்பிணிகளும் வேண்டாம், அவர்கள் உடம்பில் அப்போது சேர்ந்திருக்கிற நீருக்கு இந்தச் சூத்திரம் கொஞ்சமும் பொருந்தாது.

மெஷின் பார்க்காத வயிற்றைப் பார்க்க, தையல் பெட்டியில் இருக்கிற இன்ச் டேப் போதும். கடைசி விலா எலும்பு ஒரு பக்கம், இடுப்பெலும்பின் மேல்முனை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே, தோலின் மேல், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் சுற்றி அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. எல்லை. வயிற்றை எக்கிக்கொள்வது செல்லாது!

“என் இடுப்பு முப்பத்தாறு இன்ச்தான் டாக்டர்” என்றார் பாங்க்காரர் உடனே. அது பேன்ட் அளவு. தொந்திக்குக் கீழே பெல்ட் போடுகிற இடத்தில் டெய்லர் எடுத்தது. சரியான இடத்தில் டேப்பைச் சுற்றினேன். 97 செ.மீ. மனைவி எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவருக்கு 88.

இருவரையும் மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னேன். அம்மாவுக்கு 94. ஐயாவுக்கு 118. 100-க்குள் இருக்க வேண்டியது அது. 126-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. வாசல்படியில்தான் நின்றுகொண்டிருந்தார், இன்னும் உள்ளே போகவில்லை. 

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். தினமும் முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிறார்களாம். அவருக்கு வயிறு 93, சர்க்கரை 104. மெஷின் என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

“அதே பத்தொம்பதுதான் டாக்டர்” என்றார். “ஞாயித்துக்கிழமை காலைல ஏறிப் பார்ப்பேன். ஆனா இவ டேப்பை எடுத்துட்டு வந்து நிக்கறாளே, அதுக்குத்தான் பயம்.”

“ஒரே டிகாக்‌ஷன், ஒரே பால், ரெண்டு பேருக்கும் சர்க்கரை கிடையாது” என்றார் அம்மா.